மூலத்துக்கு ஆயுர்வேத மூலிகை வைத்தியம்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

மூலத்துக்கு மூலிகை என்று தேடினால் கடுக்காய், சேனைக்கிழங்கு, நாயுருவி, குடசப்பாலை, சேங்கொட்டை என்று நீளமான பட்டியல் வந்து விழும். எல்லாமே மூலத்துக்கு நல்லது என்று போட்டிருக்கும். எது உலர்ந்த மூலத்துக்கு, எது ரத்தம் போகும் மூலத்துக்கு, எதை வீட்டில் தொடலாம், எதைத் தொடவே கூடாது என்று பிரித்துச் சொல்பவர்கள் குறைவு. ஆனால் ஆயுர்வேத மூல சிகிச்சையே அந்தப் பிரிவினையின் மேல்தான் நிற்கிறது. பழைய ஆயுர்வேத நூலாசிரியர் வாக்படர் இதை ஒரே செய்யுளில் சொல்லிவிடுகிறார்: உலர்ந்த மூலத்துக்கு சேங்கொட்டை, ஈரமான, அதாவது ரத்தம் கசியும் மூலத்துக்கு குடசப்பாலைப் பட்டை, எல்லா வகைக்கும் எல்லாப் பருவத்துக்கும் மோர். இந்த வரிசையில் முதல் பொருளை நீங்களாகத் தொடக்கூடாது, இரண்டாவதை யோசித்துத் தொட வேண்டும், மூன்றாவதை இன்றே தொடங்கலாம். ஏன் என்று கீழே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் படி: மூலம்தானா என்று பாருங்கள்

மலத்தோடு ரத்தம் வந்தாலே மூலம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஆசனவாய் வெடிப்பிலும் ரத்தம் வரும், குடல் அழற்சியிலும் வரும், பெருங்குடல் புற்றுநோயிலும் வரும். அறிகுறிகளில் சின்னச் சின்ன வித்தியாசம் உண்டு. உள்மூலம் பெரும்பாலும் வலிக்காது, ஏனென்றால் அது கிளம்பும் இடத்தில் வலியை உணரும் நரம்புகள் இல்லை. பிரகாசமான சிவப்பு ரத்தம் மலத்தின் மேல் படிந்தோ சொட்டாகவோ வரும். மலம் கழிக்கும்போது கண்ணாடித் துண்டு கீறுவது போல வலித்து, எழுந்த பிறகும் எரிந்துகொண்டே இருந்தால் அது வெடிப்பாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆசனவாய்க்குப் பக்கத்தில் சின்னத் துளை, அதில் அவ்வப்போது சீழ் என்றால் பவுத்திரம். ஒரே ராத்திரியில் நீலம் பாய்ந்த கட்டி கெட்டியாக வந்து உட்கார முடியாமல் வலித்தால், வெளிமூலத்தில் ரத்தம் உறைந்திருக்கலாம். இதற்கு எண்ணெய் தடவிக்கொண்டு காத்திருக்காதீர்கள். முதல் மூன்று நாளுக்குள் மருத்துவரிடம் போனால், தேவைப்பட்டால் அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்து கட்டியை எடுத்துவிடுவார். வலி சட்டென்று இறங்கும்.

இதையெல்லாம் படித்து நீங்களே முடிவு செய்ய வேண்டாம். மருத்துவர் விரலால் தொட்டுப் பார்த்து, சின்னக் குழாய் வைத்து உள்ளே பார்க்கும் சோதனை சில நிமிட வேலை. கூச்சமாக இருக்கும், புரிகிறது. ஆனால் இது அலோபதியிலிருந்து வந்த பழக்கம் இல்லை. ஆயுர்வேத அறுவை நூலை எழுதிய சுசுருதர் காலத்திலேயே அர்சோயந்திரம் என்ற கருவி இருந்தது. பசுவின் காம்பு வடிவம், நான்கு விரற்கடை நீளம், ஆணுக்கு ஒரு சுற்றளவு, பெண்ணுக்கு ஒரு சுற்றளவு, பார்ப்பதற்கும் மருந்து வைப்பதற்கும் பக்கவாட்டில் துளை. உள்ளே பார்த்துவிட்டு மருந்து சொல்வதுதான் நம் மரபு. பார்க்காமலே பொட்டலம் கட்டிக் கொடுப்பவரை மரபு வைத்தியர் என்று நம்பிவிடாதீர்கள்.

வயது நாற்பத்தைந்தைத் தாண்டியவர், குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்தவர், காரணமில்லாமல் எடை குறைபவர், மலம் போகும் பழக்கமே சில வாரங்களாக மாறிப்போனவர், மலத்தோடு ரத்தம் கலந்தே வருபவர், மலம் தார் போலக் கறுத்துப் போனவர், இவர்களில் யாராக இருந்தாலும் மூலிகை அப்புறம், முதலில் கொலோனோஸ்கோப்பி (பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை) வேண்டுமா என்று கேளுங்கள். நிறைய ரத்தம் போய் தலைசுற்றல், மூச்சு வாங்கல் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இரண்டாவது படி: எந்த வகை, எந்த நிலை

சரி, மூலம்தான் என்று உறுதியாகிவிட்டது. இப்போது இரண்டு கேள்விகள். ஒன்று, உலர்ந்ததா, ரத்தம் போவதா? நூல்களில் வாதம், பித்தம், கபம், ரத்தம், முக்குற்றமும் சேர்ந்தது, பிறவியிலேயே வந்தது என்று ஆறு வகை இருக்கிறது. தொடங்குபவருக்கு அவ்வளவு தேவையில்லை. முக்கி முக்கிக் கெட்டியாகப் போவது, அரிப்பு, கனம், வயிற்று உப்புசம், ரத்தம் அதிகம் இல்லை என்றால் உலர்ந்த பக்கம். எரிச்சலும் ரத்தமும் முன்னால் நின்றால் ஈரப் பக்கம்.

இரண்டாவது கேள்வி, எவ்வளவு வளர்ந்திருக்கிறது? இன்றைய கணக்கில் உள்மூலத்துக்கு நான்கு நிலை: வெளியே வராமல் ரத்தம் மட்டும் வருவது முதல் நிலை, முக்கும்போது சதை வெளியே வந்து தானாக உள்ளே போவது இரண்டாவது, விரலால் தள்ளினால்தான் போகும் என்பது மூன்றாவது, தள்ளினாலும் போகாதது நான்காவது. வாய்வழி மூலிகை நன்றாக வேலை செய்யக்கூடியது முதல் இரண்டு நிலைகளில்தான். சுசுருதர் சொல்வதும் கிட்டத்தட்ட இதேதான். புதிதாக வந்த, தொந்தரவு குறைந்த மூலத்துக்கு மருந்து, அதைத் தாண்டியவற்றுக்குச் சாம்பலிலிருந்து எடுக்கும் காரம், சூடு, கத்தி என்று நான்கு வழி வகுத்திருக்கிறார். நான்காம் நிலையில் இருப்பவர் வருஷக்கணக்கில் சூரணம் சாப்பிட்டுக் காத்திருப்பதற்கு ஆயுர்வேதத்தைக் குறை சொல்ல முடியாது.

மூன்றாவது படி: வயிற்றைச் சரிசெய்யுங்கள்

ஆயுர்வேதம் மூலத்தை ஆசனவாயின் நோயாக மட்டும் பார்ப்பதில்லை. ஜீரணத் தீ மந்தமாவதுதான் வேர் என்கிறது. மூலம், பேதி, கிரகணி (செரிக்காமல் மலம் ஒழுங்கில்லாமல் போகும் நோய்) மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும் என்றும் சொல்கிறது. நடைமுறையில் இதன் பொருள் எளிது: மலம் இளகி, முக்காமல், ஒரு நேரத்துக்குப் போக வேண்டும். இது நடக்காதவரை எந்த மூலிகையின் பலனும் நிலைக்காது.

இங்கே முதல் மூலிகை கடுக்காய். கொட்டையை நீக்கி, தோலை மட்டும் பொடித்துக்கொள்ள வேண்டும். சுமார் மூன்று கிராம் பொடியை கொஞ்சம் வெல்லத்தோடு பிசைந்து சாப்பாட்டுக்கு முன் எடுப்பது இன்னொரு பழைய ஆயுர்வேத ஆசிரியரான சரகர் சொல்லும் முறை. சர்க்கரை நோய் இருந்தால் வெல்லத்தை விட்டுவிட்டு வெந்நீரில் எடுக்கலாம். கடுக்காய் ஒத்துக்கொள்ளாதவர் யார் என்றும் நூலிலேயே இருக்கிறது: கர்ப்பிணிகள், ரொம்ப மெலிந்து களைத்தவர்கள், பட்டினி கிடப்பவர்கள், பித்தம் மிகுந்தவர்கள், ரத்தம் நிறைய இழந்தவர்கள். கடைசி இரண்டு பேரைக் கவனியுங்கள். ரத்த மூலம் கடுமையாக இருப்பவருக்கு, மூலத்துக்கு நல்லது என்று யாரோ சொன்ன அதே கடுக்காய் பொருந்தாமல் போகலாம்.

கடுக்காய் மட்டும் எடுத்தால் வயிறு பிடித்து இழுக்கிறது என்பவர்கள் திரிபலாவுக்குப் போகலாம். கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றும் சம அளவு. இரவு படுக்கும் முன் ஒரு தேக்கரண்டி, அதாவது மூன்றிலிருந்து ஐந்து கிராம், வெந்நீரில். முதல் இரண்டு மூன்று நாள் அரைத் தேக்கரண்டியில் தொடங்குங்கள். பேதி மாதிரி போனால் அளவைக் குறையுங்கள், ஏனென்றால் அடிக்கடி தண்ணீராகப் போனாலும் மூலம் எரியும், வீங்கும்.

நார்ச்சத்து போதாமல் மலம் கட்டுபவருக்கு இசப்கோல் உமி நல்ல துணை. ஒரு தேக்கரண்டியை ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடித்து, மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் இதுவே உள்ளே கெட்டியாகி அடைக்கும். மற்ற மருந்து மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மூலப்பொடி, வயிறு சுத்தப்பொடி என்று விற்கும் பலவற்றில் நிலாவாரை இருக்கும். மறுநாள் காலையே போய்விடுவதால் மருந்து கேட்கிறது என்று தோன்றும். ஆனால் அது குடலைத் தூண்டி வேலை வாங்குகிறது. மாதக்கணக்கில் எடுத்தால் அது இல்லாமல் போகாத நிலை வரலாம். வாங்கும் பொடியின் பொருள் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள்.

கழிப்பறைப் பழக்கம் மருந்தில் பாதி. போன் வெளியே இருக்கட்டும். ஐந்து நிமிஷத்துக்கு மேல் உட்காராதீர்கள், வரவில்லை என்றால் எழுந்துவிடுங்கள், உந்துதல் வரும்போது அடக்காதீர்கள். நாற்காலி மாதிரிக் கழிப்பறை என்றால் காலுக்கடியில் சின்ன முக்காலி போட்டு முட்டியை உயர்த்தினால் முக்க வேண்டிய தேவை குறையும்.

நான்காவது படி: மோர்

வாதமும் கபமும் சேர்ந்த மூலத்துக்கு மோரை விட மேலான மருந்து இல்லை என்கிறார் சரகர். அவர் சொல்லும் மோர், தயிரில் தண்ணீர் ஊற்றிக் கலக்கியது அல்ல. புளிப்பேறாத தயிரைத் தண்ணீர் சேர்த்துக் கடைந்து, திரளும் வெண்ணெயைக் கையால் ஒதுக்கி எடுத்த பிறகு மிஞ்சும் மோர். அதிலும் மூன்று தரம் உண்டு: வெண்ணெய் முழுதும் எடுத்தது, பாதி எடுத்தது, எடுக்காதது. ஜீரணம் ரொம்ப மந்தமாக இருப்பவருக்கு முதல் வகை, பசி தேறத் தேற அடுத்தது. கெட்டியான தயிருக்கும் இந்த மோருக்கும் குணத்தில் நிறைய வித்தியாசம் இருக்கிறது. தயிரை அப்படியே சாப்பிட்டுவிட்டு மோர் சிகிச்சை என்று நினைக்கக்கூடாது.

செய்முறை இதுதான். மதியச் சாப்பாட்டோடு ஒரு பெரிய டம்ளர் மோர். அதில் வறுத்துப் பொடித்த ஓமமோ சீரகமோ இரண்டு சிட்டிகை, இந்துப்பு கொஞ்சம். ரத்த அழுத்தம் இருப்பவர்கள் உப்பை விட்டுவிடலாம். ஏழு நாள், பத்து நாள், பதினைந்து நாள், ஒரு மாதம் என்று ஆளைப் பொறுத்து அளவு வைத்திருக்கிறார்கள். நீங்கள் இரண்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். கொடிவேலி வேர்ப்பட்டையை அரைத்துப் பானையின் உட்புறம் பூசி, அதில் பால் உறைய வைத்து மோர் எடுக்கும் முறையும் சரகர் நூலில் இருக்கிறது. படிக்க அருமையாக இருக்கும். ஆனால் கொடிவேலி தோலைப் புண்ணாக்கும் காரமுள்ளது, கர்ப்பத்தைக் கலைக்கக்கூடியது, அதை வைத்தியரிடமே விட்டுவிடுங்கள்.

மோரோடு சேரும் உணவு மருந்து சேனைக்கிழங்கு. சில ஊர்களில் இதையே கருணைக்கிழங்கு என்பார்கள். மூலத்தை அழிப்பது என்ற பொருளில் அர்சோக்னம் என்றே இதற்கு சமஸ்கிருதத்தில் ஒரு பெயர். கிழங்கின் மேல் மண்ணைப் பூசி, நெருப்பில் சுட்டு, மண்ணை உடைத்தெடுத்து எண்ணெயும் உப்பும் சேர்த்துச் சாப்பிடுவது பழைய முறை. நீங்கள் புளி சேர்த்து நன்றாக வேகவைத்தால் போதும். அரைகுறையாக வெந்தால் நாக்கும் தொண்டையும் நமைச்சல் எடுக்கும், அதற்குக் காரணம் அதிலுள்ள ஆக்சலேட் ஊசிப் படிகங்கள். அதனாலேயே சிறுநீரகக் கல் உள்ளவர்கள் இதை மருந்தாகத் தினமும் சாப்பிடக் கூடாது.

ஐந்தாவது படி: ரத்தம் போகிறவர்களுக்கு

குடசப்பாலைப் பட்டைதான் இங்கே தலைமை மருந்து. கசப்பும் துவர்ப்பும் உள்ளது. ரத்தத்தையும் கட்டும், பேதியையும் கட்டும். சிக்கல் அங்கேதான். மலம் கெட்டியாக இருக்கும்போதே ரத்தம் போகிறவர் இதை எடுத்தால் மலம் மேலும் இறுகி, அடுத்த நாள் காலையில் இன்னும் அதிகமாகக் கிழியும். அதனால் முதலில் மலத்தை இளக்கிக்கொண்டு, அப்புறம்தான் இது. குடஜாரிஷ்டம், குடஜாவலேகம் என்று தயாராகக் கிடைக்கிறது, வைத்தியரைக் கேட்டு எடுங்கள். பச்சைப் பட்டையாக வாங்குவதாக இருந்தால் கவனம்: வெட்பாலைப் பட்டை இதன் பெயரில் அடிக்கடி கைமாறுகிறது. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், வேறு வேறு மரங்கள்.

மென்மையான வழி ஒன்று இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நாகப்பூப் பொடி ஒரு கிராம், புது வெண்ணெய் ஒரு தேக்கரண்டி, கற்கண்டு கொஞ்சம், குழைத்து காலையில் ஒரு வேளை. சரகர் ரத்த மூலத்துக்குச் சொன்ன மூன்று எளிய சேர்க்கைகளில் இது ஒன்று. மற்ற இரண்டும் எள்ளும் வெண்ணெயும், கடைந்த தயிராடையும். நல்ல நாகப்பூ என்பது காய்ந்த மகரந்த இழைகள். மிளகு போன்ற மொட்டுகளையோ காய்களையோ அந்தப் பெயரில் கொடுத்தால் வாங்காதீர்கள்.

ரத்தம் மெலிக்கும் மாத்திரை எடுப்பவர்கள் இந்தப் படியை முழுக்க மருத்துவரோடு பேசிவிட்டே தொடங்க வேண்டும். அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது. சில மாதமாக ரத்தம் போய்க்கொண்டிருந்தால் ஹீமோகுளோபின் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஆறாவது படி: இடுப்புக் குளியலும் மேல் பூச்சும்

கஷாயத்தில் உட்காரும் சிகிச்சைக்கு நூலில் அவகாகம் என்று பெயர். வீட்டில் செய்ய: ஒன்றிரண்டாக இடித்த திரிபலா இரண்டு மேசைக்கரண்டி, ஒரு லிட்டர் தண்ணீர், பத்து நிமிடம் கொதி. துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள், துகள் இருந்தால் அந்த இடத்தில் ஒட்டி அரிக்கும். அகலமான டப்பில் வெதுவெதுப்பான தண்ணீரோடு சேர்த்து, முழங்கையை விட்டுப் பார்த்து இதமாக இருக்கும் சூட்டில், பத்திலிருந்து பதினைந்து நிமிடம் உட்காருங்கள். மலம் கழித்த பிறகு ஒருமுறை, படுக்கும் முன் ஒருமுறை. கடுக்காயின் துவர்ப்பு கசிவைக் குறைக்கும், வெதுவெதுப்பு இறுகிப்போன தசையைத் தளர்த்தும். திரிபலா இல்லாத நாளில் வெறும் வெந்நீரே போதும். முடிந்ததும் மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள், சோப்பு வேண்டாம். இந்தக் கஷாயம் துணியில் பட்டால் கறை போகாது, பழைய துண்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பூச்சுக்கு ஜாத்யாதி தைலம் பரவலாகப் பயன்படுகிறது. குளியலுக்குப் பிறகு சுத்தமான விரலில் சில துளி, வெளியில் மட்டும். இதில் மயில்துத்தம் என்ற செம்பு உப்பு சேர்வதால் வாயில் படக்கூடாது. காசீசாதி தைலம் என்று இன்னொன்று உண்டு. அதில் எருக்கம்பாலும் கள்ளிப்பாலும் சேரும், சதையை அரிக்கும் தன்மையுள்ளது, அதை நீங்களாக வாங்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஏழாவது படி: கடை மருந்து வாங்கும்போது

அபயாரிஷ்டம் மலச்சிக்கலோடு கூடிய மூலத்துக்குப் பழைய, நம்பகமான மருந்து. கடுக்காய், திராட்சை, வாய்விடங்கம், இலுப்பைப்பூ, வெல்லம் சேர்த்துப் புளிக்க வைத்தது. பெரியவர்களுக்குப் பதினைந்திலிருந்து இருபது மி.லி., அதே அளவு தண்ணீர் கலந்து சாப்பாட்டுக்குப் பின். தானாக உண்டாகும் ஆல்கஹாலும் வெல்லமும் இருப்பதால் சர்க்கரை நோயாளிகள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் எடுக்க வேண்டாம்.

புட்டியில் உற்பத்தி உரிம எண், தொகுப்பு எண், காலாவதித் தேதி, முழுப் பொருள் பட்டியல் இருக்கிறதா பாருங்கள். பெயரில் ரஸம் என்று முடியும் மாத்திரைகளில், அர்சகுடார ரஸம் உட்பட, பாதரசம் சேர்ந்திருக்கும். இந்தியச் சட்டத்தில் இத்தகைய பொருட்களுக்குத் தனிப் பட்டியல் இருக்கிறது. அவை சேர்ந்த மருந்தில் மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை அச்சிட்டிருக்க வேண்டும். சேங்கொட்டையும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. அதன் எண்ணெய் பட்டால் தோல் கொப்பளிக்கும், சிலருக்கு முகமே வீங்கிவிடும். முறையாகச் சுத்தி செய்து, ஆளைப் பார்த்து, அளவு ஏற்றி இறக்கிக் கொடுக்கத் தெரிந்தவர் கையில்தான் அது மருந்து.

எட்டாவது படி: மருந்து போதாதபோது

மூன்றாம் நிலை, அல்லது இரண்டாம் நிலையிலேயே அடங்காமல் ரத்தம் போவது என்றால் ஆயுர்வேத அறுவை முறை படித்த மருத்துவரைத் தேடுங்கள். பட்டத்தோடு சல்ய தந்திரம் எனும் அந்த அறுவைப் பிரிவில் மேல்படிப்பு முடித்தவரா என்று கேட்பதில் தவறில்லை. அவர் செய்யக்கூடியது க்ஷார கர்மம். நாயுருவியை எரித்த சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, பலமுறை வடித்து (சுசுருதர் இருபத்தொரு முறை என்கிறார்), காய்ச்சி எடுக்கும் காரத்தைக் குழாய் வழியாக மூலத்தின் மேல் மட்டும் தடவுவார்கள். நூறு எண்ணும் நேரம். சதை பழுத்த நாவல்பழ நிறத்துக்கு மாறியதும் எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பால் கழுவிக் காரத்தை முறிப்பார்கள். பிறகு அந்தச் சதை சுருங்கி உதிரும்.

இன்னொன்று க்ஷார சூத்திரம். கள்ளிப்பால் பதினொரு பூச்சு, கள்ளிப்பாலோடு நாயுருவிக் காரம் ஏழு, கள்ளிப்பாலோடு மஞ்சள் மூன்று, ஆக இருபத்தொரு பூச்சு ஏற்றிக் காயவைத்த நூல். மூலத்தின் அடியில் இதைக் கட்டினால் சில நாளில் சதை அறுந்து விழும். இந்த நூல் அதிகம் புகழ் பெற்றது பவுத்திரத்துக்குத்தான். இரண்டையும் சுத்தமான அறையில், மரக்கவைத்து, பயிற்சி உள்ளவர்தான் செய்ய வேண்டும். ரப்பர் வளையம் போடுவது போன்ற நவீன முறைகளையும் சேர்த்து விசாரித்துக்கொண்டு முடிவெடுங்கள்.

மற்றபடி முதல் இரண்டு நிலையில் இருப்பவர் மலத்தை இளக்கும் ஒன்று, மோர், இடுப்புக் குளியல் என்று மூன்றை மட்டும் வைத்துத் தொடங்கலாம். ஒரே நாளில் ஐந்து மருந்தைத் தொடங்கினால் எது கேட்டது, எது கெடுத்தது என்று தெரியாது. ஒரு சின்ன நோட்டில் தினமும் மலம் எப்படி இருந்தது, ரத்தம் வந்ததா, சதை வெளியே வந்ததா என்று மூன்றே குறிப்பு எழுதுங்கள். இரண்டு வாரத்தில் ரத்தம் நிற்கவில்லை என்றாலோ, இடையில் அதிகமானாலோ, அந்த நோட்டையும் இதுவரை சாப்பிட்ட புட்டிகளையும் எடுத்துக்கொண்டு மறுபடியும் மருத்துவரைப் பாருங்கள்.